முதுகில் எட்டாத இடம்

"அப்பா, எறும்புக்கு முதுகு அரிச்சா யாரு சொறிஞ்சு விடுவா?"

போன மழைக்காலத்தில் ஒருநாள், சமையலறைச் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசையைப் பார்த்து மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பெயிண்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "எறும்புக்கு அரிக்கிறதுக்கு எங்க நேரம்? வேலைக்குப் போகணுமே" என்றான். அவன் மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. பதில் சரியில்லை என்று முகத்திலேயே எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவனைப் பெயிண்டர் என்றுதான் தெருவில் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆனால் அவன் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன் இல்லை. மொட்டை மாடிகளுக்கும் தகரக் கூரைகளுக்கும் சூடு இறங்காமலிருக்க வெள்ளை பூசுகிறவன். மற்றவர்கள் நிழலைத் தேடி ஒதுங்கும் மாதங்கள்தான் அவனுக்கு வேலைக் காலம். அந்த மூன்று மாதம் ஓடினால்தான் மீதி ஒன்பது மாதம் உட்கார முடியும். அதனால் வெயில் காலத்தில் அவன் காய்ச்சலுக்குக்கூடப் படுத்ததில்லை.

அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு பூசினால் வெள்ளையில் தடம் விழும் என்பதால் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். பூசாத தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும். பூசிக் காய்ந்த இடத்தில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். ஆகவே கால் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் வெயிலை அளப்பார்கள். கால் சுட்டால் இறங்குவார்கள். சுடாவிட்டால் நின்று வேலை செய்வார்கள்.

துணிக்கடை மாடியில் அன்றைக்கு நடந்ததும் அதுதான். காலையில் ஒரு பாதி பூசிக் காய்ந்துவிட்டது. உச்சி வெயிலில் பெயிண்டர் அந்த வெள்ளையின் மேல் ஏறி நின்று மறுபாதியை நீள உருளையால் இழுத்துக்கொண்டிருந்தான். பெயின்ட் பட்டுச் சட்டை பலகையாகிவிடும் என்று கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டிருந்தான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தான். அவனோடு வேலை செய்த மனைவியின் தம்பி தலையிலும் தோளிலும் ஈரத் துண்டு சுற்றிக்கொண்டு, படிக்கட்டுக் கொட்டகையின் நிழலைவிட்டு வெளியே வரவில்லை.

"மாமா, சட்டையப் போட்டுக்கங்க. சுட்ட கத்திரிக்காயா ஆயிடுவீங்க."

"நம்ம தோலை வெயில் என்னடா பண்ணும்? இது ஏற்கனவே வெந்து இறக்கினது."

"அக்கா கேட்டா நான் என்ன சொல்றது?"

"கால் ஐஸ் மாதிரி இருக்குன்னு சொல்லு. வந்து நின்னு பாருடா நீயும்."

மூன்று மணி நேரம் நின்றான். மேலேயிருந்து அடித்த வெயில் போதாதென்று, கீழே வெள்ளையில் பட்டுத் தெறித்த வெயில் தாடைக்கடியிலும் அக்குளிலும் ஆடுசதையிலும் ஏறியது. கால் மட்டும் கடைசிவரை சில்லென்று இருந்ததால், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை முதுகு எரிந்தது. மறுநாள் முழுக்க எரிந்தது. மனைவி தோளில் விரலை வைத்து எடுத்துவிட்டு, "அடுப்புல வச்ச பாத்திரம் மாதிரி கொதிக்குது. நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டாம்" என்றாள். எரிச்சலை அவனால் தாங்க முடிந்தது. எரிச்சல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை மனைவி சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். தெருமுனையில் இருந்த அந்தக் கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைச் சூடாக மடித்து அடுக்குவது அவள் வேலை. பள்ளி விடுமுறை. மகள் அப்பாவோடு வீட்டில் இருந்தாள்.

பத்து மணி இருக்கும். இடது ஆடுசதையில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தான். எறும்பு இல்லை. அங்கே ஒரு பழைய வடு இருந்தது. நான்கு பல் பதிந்த வடு.

ஐம்பது நாளைக்கு முன்னால் ஒரு சரக்குக் கிடங்கின் கூரைக்கு வெள்ளை பூசி முடித்து ஏணியில் இறங்கும்போது, ஏணி நிழலில் படுத்திருந்த நாயின் வாலை மிதித்துவிட்டான். நாய்க்கு முதலாளி என்று பெயர். கிடங்குக் காவலாளி வைத்த பெயர் அது. "நாள் பூரா தூங்குறாரு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா எழுந்திருக்காரு. வேற என்ன பேரு வைக்கிறது?" என்பார். அந்த முதலாளி வலி தாங்காமல் ஒரே கடி கடித்துவிட்டு, தானே பயந்துபோய் லாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. காவலாளி பெயிண்டரைக் குழாயடிக்கு இழுத்துப் போய், அவன் காலைத் தன் மடியில் வைத்து, சோப்பைப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினார். "அட விடுங்க, சின்னக் கடிதானே" என்று அவன் காலை இழுத்தபோதும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து ஊசி என்றார்கள். அவன் மூன்று போட்டான். நான்காவது ஊசியின் நாள் பெரிய வேலை ஒன்று வந்தது. ஐந்தாவது ஊசியின் நாளும் அப்படியே. மனைவி கேட்டபோது, "போட்டாச்சு" என்றான். ஊசி வரிசையில் காத்திருந்த மூன்று தடவையும் எதிர்ச்சுவரில் இருந்த வெறிநாய்க்கடி அறிவிப்பை அவன் படித்திருந்தான். வேறு படிக்க அங்கே ஒன்றும் இல்லை. கடித்த இடத்தில் அரிப்பு. தொண்டை இறுக்கம். தண்ணீரைக் கண்டால் பயம். அதற்குப் பிறகு மருந்து கிடையாது.

வடுவை ஒருமுறை சொறிந்தான். அவ்வளவுதான். காட்டில் ஒரு சருகில் பற்றிய தீ போல அரிப்பு ஆடுசதையிலிருந்து தொடைக்கும், முதுகுக்கும், தோளுக்கும் ஓடியது. அது தோலின் மேல் இல்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவே ஆயிரம் ஊசிமுனைகள் நெளிந்தன. கைக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. சொறியும் நகம் பட்ட இடத்தில் இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொண்டது. எழுந்தான், உட்கார்ந்தான், சுவரில் முதுகைத் தேய்த்தான். தேய்த்ததும் கண்ணில் நீர் முட்டியது.

குளியலறைக்கு ஓடி ஒரு குவளைத் தண்ணீரைத் தோளில் ஊற்றினான்.

அப்போது அவன் வாயிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் அரிப்பு பத்து மடங்காகத் துள்ளியது. குவளை கை நழுவி உருண்டது. தொண்டை அடைத்துக்கொண்டது. வாளியில் மீதியிருந்த தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பு நடுங்கியது. பின்னால் நகர்ந்தான். நகர்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

தண்ணீரைப் பார்த்து நகர்ந்திருக்கிறான்.

"அப்பா, ஏன் கத்தின?" மகள் வாசலில் நின்றாள். கையில் பாதி கடித்த ரொட்டி.

"கிட்ட வராதே."

அவன் அப்படி அவளிடம் பேசியதே கிடையாது. அவள் அசையாமல் நின்றாள். அவளுடைய மெல்லிய கழுத்தையும் கையையும் பார்த்தபோது, அரிப்பைவிடப் பெரிய ஒரு பயம் அவனைப் பிடித்தது. இந்த நோய் வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களைக் கடிப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தான். எவ்வளவு நேரத்தில் புத்தி போகும் என்று யாரும் சொன்னதில்லை.

குரலை மெதுவாக்கிக்கொண்டான்.

"குட்டி, ஒரு விளையாட்டு. அப்பா படுக்கையறைக்குள்ள போறேன். நீ ஸ்டூலப் போட்டு ஏறி வெளித் தாழ்ப்பாளப் போடணும்."

"என்ன விளையாட்டு?"

"ஒளிஞ்சு பிடிக்கிறது."

"நீ ஒளியிற இடம் எனக்குத் தெரியுமே. அப்புறம் எப்படி விளையாட்டு?"

"அம்மாதான் கண்டுபிடிக்கணும். தாழ்ப்பாளப் போட்டுட்டு அம்மாவக் கூட்டிட்டு வா. ஓடாதே. தெரு ஓரமாவே போ. சரியா?"

"உனக்கு அழுகை வருதாப்பா?"

"வெயில்ல கண்ணு எரியுது. போ, ஸ்டூலக் கொண்டா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஸ்டூல் இழுபடும் சத்தம். ஏறும் மூச்சு. தாழ்ப்பாள் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவை விழுந்தது. ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டு தன்னைப் பூட்டவைத்த அந்தச் சத்தத்தை அவன் பிறகு எத்தனையோ நாள் கேட்டான். சின்னக் காலடிகள் மூன்று மாடி இறங்கிப் போயின. ஒவ்வொரு படியாக எண்ணினான். தெருவில் வண்டிச் சத்தம் வந்தபோதெல்லாம் எண்ணிக்கை தவறியது.

அறை நான்கு அடி நடந்தால் முடிந்துவிடும். நடந்தான். நின்றால் அரிப்பு ஒரே இடத்தில் குவிந்தது, நடந்தால் சற்றே சிதறியது. நகத்தை உள்ளே மடக்கி உள்ளங்கையால் தோளைத் தட்டினான். தட்டிய இடம் ஒரு நொடி மரத்து, மறுநொடி விழித்துக்கொண்டது. துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையே வைத்துக் கடித்தான். கடிப்பதும் அந்த நோயின் குணமோ என்று பயந்து துப்பினான். நடு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத ஓர் இடம் இருந்தது. எல்லாம் அங்கே போய்த்தான் கூடின.

அவன் அடிக்கடி கடவுளைக் கூப்பிடுகிறவன் இல்லை. ஏணியில் முதல் படி ஏறும்போது ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, அவ்வளவுதான் வழக்கம். அன்று முழங்காலிட்டு, "என்னை எடுத்துக்கோ. புத்தி போறதுக்கு முன்னாடி எடுத்துக்கோ. அவங்க ரெண்டு பேரும் பாக்கறதுக்கு முன்னாடி" என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அரிப்பு அவனை எழுப்பி நடக்கவைத்தது.

மாடிப்படியில் இரண்டு ஜோடிக் காலடி.

"ஏங்க, என்ன இது? பாப்பா என்னமோ ஒளிஞ்சு விளையாடுறோம்னு சொல்றா. முதலாளியம்மா முன்னாடி வேலையப் போட்டுட்டு வந்திருக்கேன்." தாழ்ப்பாளில் கை வைத்த சத்தம்.

"திறக்காதே."

"எதுக்கு?"

"திறந்தா நான் ஜன்னல் வழியா குதிச்சிடுவேன். சத்தியமா. பாப்பாவ அந்தப் பக்கம் அனுப்பு."

மகளின் காலடிகள் விலகிப் போயின. பிறகு மனைவியின் குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது. "அனுப்பிட்டேன். சொல்லுங்க."

"நாய் கடிச்ச இடம் அரிக்குது. உடம்பு பூரா அரிக்குது. தண்ணி ஊத்தினேன், தாங்க முடியல. தண்ணியப் பாத்தா நடுங்குது."

"அதுக்குத்தான் அஞ்சு ஊசி போட்டாச்சே."

அவன் நடந்தான். நான்கு அடி, திரும்பி நான்கு அடி.

"போட்டீங்கதானே?"

"மூணு."

"ஊசி அட்டையில அஞ்சு கட்டமும் நிறைஞ்சிருந்துச்சே."

"நான்தான் நிறைச்சேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்தது கேட்டது. "கடைசி ரெண்டு கட்டத்துல பச்சை மை," என்றாள் மெதுவாக. "புது டாக்டர் போல, பச்சையில கையெழுத்துப் போடுறாருன்னு நினைச்சேன். மாடியில விரிசலுக்குக் குறி போடுற பேனாவாய்யா அது?"

"ஆமா."

"உனக்கு என்னய்யா குறை வச்சேன் நான், எங்கிட்ட பொய் சொல்ல?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் நெற்றியைக் கதவில் வைத்தான். கதவு பட்ட இடமும் அரித்தது.

"பெரிய வேலை ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னொண்ணு. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு..."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. ஆனால் மறுபடி பேசியபோது குரல் சலவைக்கூடத்தில் விரிப்பு எண்ணுகிற குரலாக இருந்தது. "நர்சம்மா ஒண்ணு சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? நாயப் பத்து நாள் பாருங்க, பத்து நாளைக்கு அது நல்லா இருந்தா அதுக்கு நோய் இல்லைன்னு. பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவை கூடவா?"

"வேலை முடிஞ்சிடுச்சு. அந்தப் பக்கமே போகல."

"ஐம்பது நாளாச்சு. நோய் இருந்திருந்தா அது என்னிக்கோ செத்திருக்கும்." எழுந்தாள். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். பாப்பா இங்க இருக்கட்டும். தாழ்ப்பாள்ல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

"அவள உன்னோட கூட்டிட்டுப் போ."

"இந்த வெயில்லயா? ஒருத்தர் வெந்தது போதும்."

கிடங்கு போக அரைமணி, வர அரைமணி. நாய் செத்திருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் யோசித்தால் காலே எழாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் பெயிண்டர் அந்த அறையின் ஒவ்வொரு ஓட்டையையும் மனப்பாடம் செய்தான். ஒருமுறை கம்பியில்லாத அந்த ஜன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தான். மூன்று மாடி. அவன் ஏறாத உயரமா? குதித்தால் அரிப்பு நின்றுவிடும் என்று ஓர் எண்ணம், யாரோ காதில் சொன்ன மாதிரி, அமைதியாக வந்தது. மனைவியிடம் மிரட்டலுக்குச் சொன்ன வார்த்தை இப்போது திரும்பி வந்து நிஜமாக நின்றது. விளிம்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு அறையின் மறுமூலைக்கு வந்தான்.

"அப்பா."

"ம்."

"உனக்கு முதுகு அரிக்குதா?"

"யாரு சொன்னா?"

"அம்மாகிட்ட நீ சொன்னது கேட்டுச்சு. அந்தப் பக்கம் போன்னு சொன்னா, சமையலறை வரைக்கும்தானே போக முடியும்?"

கதவுக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக ஒரு சீப்பு வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுடைய சிவப்புச் சீப்பு.

"இதால சொறிஞ்சுக்கோ. நடுவுல எட்டும்."

"சொறிஞ்சா ஜாஸ்தியாகுது குட்டி."

"அப்ப என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தூரமா உட்காரு."

போய்விட்டாள் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் பாதத்தில் மெல்லிய காற்றுப் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. குனிந்து பார்த்தான். மகள் தரையில் குப்புறப் படுத்து, கணக்கு நோட்டால் கதவின் அடியில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஊதிப் பாத்தேன். வாய் வலிக்குது. அதான் நோட்டு. நீ படுத்துக்கோ, முதுகுக்கு வரும்."

அவன் தயங்கினான். பிறகு கதவை ஒட்டித் தரையில் முதுகைக் காட்டிப் படுத்தான். சுண்டு விரல் அளவு இடைவெளி. அதில் வந்த காற்றும் அவ்வளவுதான். ஆனால் அது தொடாமல் போயிற்று. கையும் தண்ணீரும் சுவரும் செய்ய முடியாததை அது செய்தது. எட்டாத அந்த இடத்தில் வந்து, எதையும் எழுப்பாமல், கடந்து போனது. அரிப்பு நின்றுவிடவில்லை. ஆனால் ஒரு விசிறலுக்கும் அடுத்த விசிறலுக்கும் நடுவே ஒரு மனிதன் மூச்சுவிடும் அளவு இடம் கிடைத்தது. அவன் அந்த இடத்தில் இருந்துகொண்டான்.

"கை வலிச்சா விட்டுடு."

"இன்னும் வலிக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப வலிக்குது. கை மாத்திக்கிட்டேன்" என்றாள்.

இரண்டு கையும் எத்தனை முறை மாறின என்று தெரியாது. மாடிப்படியில் சத்தம் கேட்டபோது அவன் எழுந்து உட்கார்ந்தான். மனைவியின் செருப்பு. அதன் பின்னால் ஒரு கனத்த பூட்ஸ். அதற்கும் பின்னால், படியில் நகம் கீறும் சத்தம்.

"நான் மூணு மாடின்னு சொல்லியிருந்தா முதலாளி வந்திருக்கவே மாட்டாரு," என்றது மூச்சு வாங்கிய ஒரு குரல். "ரெண்டாவது மாடியிலயே உட்கார்ந்துட்டாரு. தூக்கிட்டு வந்து இப்பத்தான் இறக்கி விட்டேன்."

தாழ்ப்பாள் விலகியது. பெயிண்டர் கட்டில் மூலையில் போய் ஒடுங்கினான். கதவு திறந்ததும் முதலில் வந்தது ஒரு கறுப்பு மூக்கு. பழுப்பு நாய் உள்ளே வந்து, அறையைச் சுற்றி மோந்து, கட்டிலுக்கடியில் கிடந்த சிவப்புச் சீப்பை மோந்து, கடைசியில் அவன் முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. நன்றாகக் கொழுத்திருந்தது.

"பாத்துக்க," என்றார் காவலாளி. "ஐம்பது நாளாச்சு. ஒரு வேளைச் சாப்பாட்டக் குறைக்கல. உன்னைக் கடிச்சதுக்கு ரெண்டு நாள் வெட்கப்பட்டாரு, அவ்வளவுதான்."

காவலாளி பெயிண்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தொடாமல் முதுகைப் பார்த்தார். தாடைக்கு அடியில் பார்த்தார்.

"சட்டை இல்லாம வெள்ளை மேல நின்னியா?"

"கால் சுடல..."

"கால் சுடாது. எனக்குத் தெரியும்பா, நான் பதினோரு வருஷம் படகுல இருந்தவன். தண்ணியும் இப்படித்தான் கண்ணாடி மாதிரி, கீழேயிருந்து சுடும். புதுசா வர்றவன் மொத நாள் சட்டையக் கழட்டுவான். ரெண்டாம் நாள் எரியும். மூணாம் நாள் இந்த அரிப்பு வரும். எல்லாருக்கும் வராது. வந்தவன் சும்மா இருக்க மாட்டான். ஒருத்தன் தாங்காம கடல்லயே குதிச்சான். தண்ணி பட்டதும் போட்டான் பாரு ஒரு கூப்பாடு, மறுபடி வலை போட்டுத்தான் தூக்கினோம்."

"உயிரோட..."

"இருந்தான். ரெண்டு நாள்ல இறங்கிடும். அப்புறம் அவன் சட்டையக் கழட்டினதே இல்ல, கல்யாணத்தன்னிக்குக் கூட முழுக்கை தான்."

மனைவி ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றாள். அவள் முகம் வெயிலில் கறுத்து, வியர்வை காதோரம் வழிந்துகொண்டிருந்தது. "குடிங்க" என்றாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

அவன் டம்ளரைப் பார்த்தான். காவலாளி பார்த்தார். வாசலில் நோட்டும் கையுமாக மகள் பார்த்தாள். நாய்கூடப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தான். தண்ணீர் தொண்டையில் இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. டம்ளர் காலியானபோது அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழும்போதும் தோளைத் தட்டிக்கொண்டேதான் அழுதான்.

காவலாளி அதிக நேரம் நிற்கவில்லை. "கேட்டைப் பூட்டிட்டு வந்தேன். ரெண்டு லாரி வெளில நிக்குது" என்று நாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

முழுக்கை மெல்லிய பருத்திச் சட்டையைப் போர்த்தி மனைவி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, அரிப்புக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை எழுதினார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், தேய்க்க வேண்டாம் என்றார். அட்டையை வாங்கிப் பச்சைக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாய் நல்ல நாயா இருந்ததால நீங்க தப்பிச்சீங்க. அடுத்த நாய் எப்படியோ" என்று சொல்லி, மீதி ஊசியை அன்றே தொடங்கச் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்று, ஊசி ஏறும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அன்று மாலையும் மறுநாளும் அரிப்பு அலையலையாக வந்தது. வந்தபோது நடந்தான், தட்டினான். மகளும் மனைவியும் முறை போட்டு விசிறினார்கள். மனைவி பேசாமல் விசிறினாள். இரண்டாம் நாள் மாலைதான், "பேனாவத் தூக்கிப் போட்டாச்சா?" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றான். "எங்க, குப்பைத்தொட்டியக் காட்டுங்க" என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி "நீங்க" என்று பேசத் தொடங்கினாள்.

ஒரு வாரத்தில் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. மனைவியின் தம்பி ஒரு செய்தி கொண்டுவந்தான். அன்றைக்குக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனதற்காகக் காவலாளியைக் கிடங்கு மேலாளர் லாரிக்காரர்கள் எதிரிலேயே நிற்கவைத்துப் பேசினாராம். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்றாராம். பெயிண்டர் கிளம்பிப் போனான். காவலாளி தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என்னால உங்களுக்கு..."

"உன்னால என்ன? முதலாளிக்கு வெளியூர் போகணும்னு ஆசை, கூட்டிட்டுப் போனேன். சட்டை போட்டிருக்கியே, நல்லது. போய் வேலையப் பாரு."

திரும்பும்போதுதான் அந்தக் கூண்டைச் சரியாகப் பார்த்தான். ஓர் ஆள் உட்காரும் அளவு தகரப் பெட்டி. ஒரு மர நிழல் கிடையாது. உள்ளே நின்ற இரண்டு நிமிஷத்தில் அவன் சட்டை நனைந்துவிட்டது. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கிடங்குக் கூரை முழுக்க வெள்ளை பூசி முடித்த அன்று, வாளியின் அடியில் பெயின்ட் மிச்சமிருந்தது. காவலாளி கூச்சத்தோடு, "இதுக்கும் ஒரு கை பூசிட்டுப் போயேன்பா" என்று கூண்டைக் காட்டியிருந்தார். "இது வேலையில சேராதுங்களே" என்று சொல்லிவிட்டு அவன் வாளியைக் கழுவினான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, கூரையில் விட்ட உருளையை எடுக்க மறுபடி ஏறி இறங்கும்போதுதான் நாயின் வாலை மிதித்தான். அவன் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவியபோது அந்த மனிதர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாரத்தில் ஒருநாள், கிடங்குக்கு விடுமுறை அன்று, விடிந்ததும் காவலாளி வழிபாட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புவார். அப்படி ஒரு காலையில், மனைவியிடம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, பெயிண்டர் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த சின்ன ஏணியும் வாளியுமாகக் கிடங்குக்குப் போனான். அது பொய் என்று அவனுக்கு உறுத்தியது. திரும்பி வந்ததும் அவளிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

தெரு காலியாக இருந்தது. தகரத்தின் துருவைச் சுரண்டித் துடைத்தான். கூண்டின் கூரைக்கு ஒரு பூச்சு. அது காய்வதற்குள் வெயில் படும் பக்கத்துத் தகரத்துக்கும் நாய் படுக்கும் சாய்ப்புக்கும் ஒரு பூச்சு. பிறகு கூரைக்கு இரண்டாவது பூச்சு, ஓரத்து மடிப்புகளில் விரலால் தேய்த்து. எந்த வேலையிலும் அவன் அவ்வளவு நிதானமாகப் பூசியதில்லை. தரையில் சொட்டியதைத் துணியால் ஒற்றி எடுத்தான். ஏணிக் கால் பதிந்த மண்ணைக் காலால் நிரவினான்.

நாய் லாரி நிறுத்தும் இடத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை. அவன் ஏணியில் இறங்கும்போது, வால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் காலை வைத்தான்.

வாளியைத் தூக்கியபோது நாய் எழுந்து வந்தது. அவன் அசையாமல் நின்றான். ஆடுசதையில் வடு இழுத்தது. நாய் அவன் காலை மோந்து பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றது. வாலுக்குச் சற்று மேலே, தன் வாயும் காலும் எட்டாத ஓர் இடத்தைக் காற்றில் நெளித்துக் காட்டியது.

பெயிண்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தான். பெயின்ட் காய்ந்த நகங்களால், மெல்ல, அந்த இடத்தைச் சொறிந்து விட்டான்.